டிரையர் டின்னில் உலோகத்தின் பெயரையும் சதவீதத்தையும் அச்சிடுங்கள்

பெயின்ட், வார்னிஷுக்கான டிரையர் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எண்ணெய் வார்னிஷை நானே காய்ச்சி, அது சீக்கிரம் உலர டிரையர் என்னும் உலோகச் சோப்பைக் கலந்து, மரச்சாமான்களுக்குப் பூசுகிறேன். இந்த முறை வாங்கிய டின்னில் ‘டிரையர்’ என்று மட்டும் இருந்தது. உள்ளே இருப்பது கோபால்டா, மாங்கனீஸா, ஈயமா, எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

10 கிலோ ஆளிவிதை எண்ணெயில் 0.05 சதவீதம் கோபால்ட் சேர வேண்டுமானால் 5 கிராம் உலோகம் தேவை. டிரையர் 6 சதவீதம் என்றால் சுமார் 83 கிராம் ஊற்ற வேண்டும், 12 சதவீதம் என்றால் அதில் பாதி போதும். டின்னில் எதுவுமே இல்லையென்றால் நாங்கள் எதை வைத்து அளப்பது? விற்றவர் சொன்ன அளவையே ஊற்றினேன். கோபால்ட் மேற்பரப்பை உலர்த்துவது. கூடிப்போனால் மேலே சீக்கிரம் தோல் கட்டிவிடும், எண்ணெய் உலரத் தேவையான ஆக்சிஜன் அடியில் போய்ச் சேராது. மேசைப் பலகை முழுக்கச் சுருக்கம் விழுந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே இன்னும் பிசுபிசுப்பு. அத்தனையையும் சுரண்டி எடுத்து, தேய்த்து, முதல் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கூலியை யார் தருவார்கள்?

சுரண்டும்போது இன்னொரு பயமும் வந்தது. அது ஈய டிரையராக இருந்தால்? மிருதார்சிங்கியை (ஈய ஆக்சைடை) எண்ணெயில் போட்டுக் காய்ச்சிய காலத்தில் 0.5 சதவீத ஈயம் சாதாரணம். அது 5,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு. இன்று பல நாடுகள் பெயின்டில் அனுமதிப்பது 90 பிபிஎம். குழந்தைகளின் உடலுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பூச்சு உள்வரை உலர ஈயம்தான் வேண்டும் என்றும் இல்லை, கோபால்ட்டோடு சிர்கோனியமும் கால்சியமும் சேர்த்தால் அந்த வேலை நடக்கும். உங்களுக்குத் தெரியாததா இது? பிறகு ஏன் வாங்குகிறவரிடம் மறைக்கிறீர்கள்?

தரமும் முன்போல் இல்லை. சோப்புக் கரைசலில் கோபால்ட் சல்பேட்டை ஊற்றி, அடியில் படியும் கோபால்ட் சோப்பை டிரையராக எடுக்கிறவர்கள், தங்கும் சோடியம் சல்பேட்டை நன்றாகக் கழுவி நீக்க வேண்டும். கழுவாமல் விட்டால் வார்னிஷ் கலங்குகிறது. தண்ணீரிலும் நேரத்திலும் மிச்சம் பிடித்து, மினுமினுக்கும் லேபிளுக்குச் செலவழிக்கிறீர்கள். ‘உயர்தரம்’ என்று பெரிய எழுத்தில் போட இடம் இருக்கும் டின்னில் ‘கோபால்ட் 6%’ என்று போட இடமில்லையா?

சரி, கழுவும் விஷயத்தை இன்னொரு நாள் பேசலாம். இப்போது கேட்பது ஒன்றுதான். ஆலையில் டைட்ரேஷன் என்ற ரசாயனச் சோதனை செய்து உலோக அளவைப் பார்ப்பது வழக்கம்தானே. அந்த எண்ணை, உலோகத்தின் பெயரோடு, ஒவ்வொரு டின்னிலும் அச்சிடுங்கள். ஈயம் கலந்திருந்தால் அதையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுங்கள். அடுத்த தயாரிப்பிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டிரையரை வாங்கும் ஒரு வார்னிஷ் தொழிலாளி