ராத்திரி ராத்திரியாக எழுந்து வந்து என் பன்றிக்குட்டிகளைக் காப்பாற்றியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். இதை ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லியிருக்க வேண்டும், ஆனால் நீங்கள் எல்லோரும் செய்ததை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் பொதுவிலேயே எழுதுகிறேன்.

என் தாய்ப்பன்றி நல்ல குளிர் ராத்திரி ஒன்றில் 11 குட்டி போட்டது. விடிவதற்குள் மூன்று செத்துப்போயின. ஏதோ நோய் என்று நினைத்து பயந்துபோய்க் கால்நடை மருத்துவரை அழைத்தேன், அவர் நோயைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை, "ஒரு குட்டியோட வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க, சூடா இருக்கா, சில்லுனு இருக்கா?" என்றுதான் கேட்டார். சில்லென்று இருந்தது.

மருத்துவர் ஐயா, நீங்கள் அன்றைக்குச் சொன்னது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. பிறந்த குட்டியின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்காது, ஈரத்தோடு வெளியே விழுகிறது, அதற்குச் சுமார் 34 டிகிரி சூடு வேண்டும், கல்லீரலிலும் தசையிலும் இருக்கிற கொஞ்சநஞ்சச் சேமிப்பு ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. குளிர்ந்துபோன குட்டிக்கு மடியைத் தேடிப் போகவே தெம்பு இருக்காது, குடிக்காததால் இன்னும் குளிரும். அதனால் முதலில் துடைத்துச் சூடாக்கு, அப்புறம் சீம்பால் என்றீர்கள். நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன், விறைத்துக் கிடந்த குட்டியின் வாயில் பாலை ஊற்றப் பார்த்தேன்.

பக்கத்துப் பண்ணை அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. தாய்ப்பன்றி உறுமிக்கொண்டே பால் விடுவது சில நொடிதான், அதற்குள் கையால் பீய்ச்சிக் கிண்ணத்தில் பிடிக்க அக்காவால்தான் முடிந்தது. சின்னக் குட்டிகளுக்குச் சூடு வந்தபிறகு, ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக, அது விழுங்குகிற வேகத்துக்குத்தான் கொடுத்தார், அவசரப்படவே இல்லை. வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் வெப்ப விளக்கு வைத்த பெட்டியில் அடைத்துவிட்டுச் சின்னதுகளை மட்டும் மடியில் விடும் முறையையும் அவரிடம்தான் கற்றேன். முதல் நாளுக்குள் ஒவ்வொன்றும் 200 கிராமாவது சீம்பால் குடித்தாக வேண்டும், நோய் எதிர்ப்பும் அதில்தான் வருகிறது, ஒரு நாள் தாண்டினால் அதை உடம்பு ஏற்காது. மீதி எட்டும் பிழைத்தன.

குளிர் அதோடு விடவில்லை. நான்கு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்தேன், அந்த வாரமே மறுபடி கடுங்குளிர். நிறைய தின்றால் சூடு வரும் என்று நானே முடிவுசெய்து உலர்ந்த தீவனத்தில் தவிட்டைக் கூடுதலாகக் கலந்து தொட்டி நிறையக் கொட்டினேன். குட்டிகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து படுத்துக்கொண்டன. மூன்றாம் நாள் கழிச்சல், ஒன்று போய்விட்டது. அது முழுக்க என் தவறு.

தீவனம் கலக்கித் தந்த தம்பி, நீ வந்து தொட்டியைப் பார்த்ததும் திட்டியது சரிதான். நார் செரிக்கும்போது சூடு வருவது உண்மை, ஆனால் அது பெரிய பன்றிக்கு. பால் மறந்த குட்டியின் குடல் அதற்குத் தயாராக இல்லை, தவிடு வயிற்றை அடைக்குமே தவிர தெம்பு தராது. தவிட்டைக் குறைத்து, எளிதில் செரிக்கிற தீவனத்தில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் கரைத்து, ஒரு நாளைக்கு ஆறு முறை, பதினைந்து நிமிடத்தில் நக்கித் தீர்க்கிற அளவுக்கு மட்டும் வைத்தோம். மிச்சம் புளித்தால் மறுபடி கழிச்சல் என்பதால் ஒவ்வொரு முறையும் தொட்டியைக் கழுவினோம். கடைசி வேளை நடு ராத்திரிக்கு, ஏனென்றால் குளிர் உச்சத்தில் இருக்கும்போது வயிறு காலியாக இருக்கக் கூடாது. குடிதண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான். பிறகு நாலைந்து நாளில் கூழைக் கெட்டியாக்கி மெல்ல உலர் தீவனத்துக்கு மாற்றினோம்.

ஆனால் தரை சில்லென்று இருந்து காற்றும் அடித்தால் தின்னதெல்லாம் சூடாகவே போய்விடும், உடம்பில் ஒட்டாது. வைக்கோல் கொண்டுவந்து போட்டவர்கள், சுவர் ஓட்டையைச் சாக்கு வைத்து அடைத்தவர்கள், உங்களால்தான் அந்தக் கூழ் குட்டிகளின் உடம்பில் சேர்ந்தது. கொட்டில் 28 டிகிரிக்கு வந்த ராத்திரியை மறக்க மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "மாமா, குவிஞ்சு படுக்கல, பக்கத்துல பக்கத்துல நீட்டிப் படுத்திருக்கு!" என்று கத்தினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

ஏழு குட்டியும் இப்போது தொட்டிச் சத்தம் கேட்டாலே ஓடி வருகின்றன. ஒன்று மட்டும் இன்னும் சின்னதாக இருக்கிறது, அதற்குத் தனியாகக் கூழ் வைக்கிறேன். அக்கா, உங்கள் வெப்ப விளக்கு என்னிடமே இருக்கிறது. உங்கள் பன்றி அடுத்த வாரம் குட்டி போடும் என்றீர்களே, நாளைக்கே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன், அன்றைக்கு ராத்திரி நானும் கூட இருக்கிறேன்.