தடை செய்யாமலே மறைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத் தணிக்கை பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, முடக்கப்பட்ட தளங்களையும் நீக்கப்பட்ட பதிவுகளையும் விரிவாகப் பேசியது. ஆனால் எதையும் முடக்காமல், நீக்காமல், ஒரு செய்தி நம் கண்ணில் படாமலே செய்துவிடும் வழி ஒன்று உண்டு. அதைத் தொடாமல் விட்டது பெரிய குறை.

ரஷ்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எதையாவது தேட வேண்டுமென்றால் பெரும்பாலானோர் போவது யாண்டெக்ஸ் தளத்துக்கு. 2022 வரை அதன் முகப்பில், தேடுபெட்டிக்கு மேலேயே ஐந்து தலைப்புச் செய்திகள் இருந்தன. பேருந்து நேரம் தேட வந்தவர் கண்ணிலும் அவை பட்டன. அந்த ஐந்தைத் தேர்ந்தெடுப்பது ஆள் இல்லை, அல்காரிதம்தான் என்று நிறுவனம் சொல்லிவந்தது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த அல்காரிதம் எந்தெந்த ஊடகங்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறது என்பதில்தான் அரசு கைவைத்தது.

2017 ஜனவரி 1 அன்று அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்க்கும் செய்தித் திரட்டிகள் (பல ஊடகங்களின் செய்திகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் தளங்கள்), தாங்கள் காட்டும் செய்தி உண்மையா என்பதற்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும். அரசிடம் பதிவு பெற்ற ஊடகத்தின் செய்தியை அப்படியே காட்டினால் மட்டும் அந்தப் பொறுப்பு இல்லை. பதிவு தருவது ரோஸ்கொம்நாட்சோர் என்ற அரசு அமைப்பு. அப்புறம் என்ன, பதிவில்லாத ஊடகங்களை யாண்டெக்ஸே செய்திப் பகுதியிலிருந்து விலக்கியது. ‘இன்ன செய்தியைக் காட்டாதே’ என்று சட்டத்தில் ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை.

இதன் விளைவு 2022-இல் தெரிந்தது. உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்கிய சில நாட்களில், யாண்டெக்ஸ் செய்திப் பிரிவின் முன்னாள் தலைவர் லெவ் கெர்ஷென்சோன், போர் பற்றிய தகவலை மக்களிடமிருந்து மறைப்பதில் தன் பழைய நிறுவனம் முக்கியப் பங்கு வகிக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். உள்ளே இருந்தவர் சொன்னது என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அதே ஆண்டு அந்தச் செய்திப் பிரிவை வி.கே. என்ற ரஷ்ய சமூக வலைத்தள நிறுவனம் வாங்கிக்கொண்டது. வி.கே.யின் தலைவர் விளாதிமிர் கிரியென்கோ, அதிபர் மாளிகை நிர்வாகத்தின் துணைத் தலைவர் செர்கெய் கிரியென்கோவின் மகன்.

நம் நாட்டில் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் பொறுப்பைக் காட்டிப் பயமுறுத்தும் அதே உத்தி இங்கேயும் எட்டிப் பார்த்தது. 2023-இல் ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. அரசின் செயல்பாடு பற்றிய ஒரு தகவலைப் பொய் என்று அரசே அமைக்கும் உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு சொன்ன பிறகும் விட்டுவைத்தால், பிறர் இடும் பதிவுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற சட்டப் பாதுகாப்பைச் சமூக வலைத்தளங்கள் இழக்க நேரிடும் என்பது அதன் சாரம். தன்னைப் பற்றிய செய்திக்குத் தானே நீதிபதி! 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் அந்த வழக்கு நீக்கத்தைப் பற்றியது. நம் கைபேசியில் காலையில் வந்து விழும் செய்திகள் எந்தப் பட்டியலிலிருந்து வருகின்றன, அதில் யாரைச் சேர்த்தார்கள், யாரை எடுத்தார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. செய்திச் செயலிகள் அந்தப் பட்டியலை வெளியிட வேண்டும். பட்டியல் தொடர்பாக அரசிடமிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். இதைக் கேட்டு உங்கள் இதழ் அந்த நிறுவனங்களுக்கு எழுதி, வரும் பதிலை, பதிலே வராவிட்டால் அந்த விவரத்தை, அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்