குதிரை டிரெய்லர் வாங்கும்முன்: தகடு, எடை, தாங்கும் பாரம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் முதலில் கேட்பது, "தகடு எத்தனை எம்.எம். போடுவீங்க?" என்றுதான். அடுத்த கேள்வி விலை. "காலி டிரெய்லர் எத்தனை கிலோ வரும்?" என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. எங்கே வாங்கினாலும் இதைக் கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

முதலில் குதிரையின் எடை தெரிய வேண்டும். எடை மேடைக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் ஒரு டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 160, நீளம் 146 என்றால் சுமார் 315 கிலோ. இரண்டு குதிரைக்கு 630.

இப்போது டிரெய்லர். இரும்பில் செய்த இரட்டைக் குதிரை டிரெய்லர் காலியாக 620 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். விற்பவர், "ஒன்றரை டன் ஆக்சில், பயமே வேண்டாம்" என்பார். சக்கர அச்சைப் பற்றி அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் பாரத்தைக் குறிக்கும் எண் இருக்கும். அது 91 என்று இருந்தால், அந்த டயர் தாங்குவது 615 கிலோ. இரண்டு டயருக்கு 1,230. அதில் டிரெய்லரின் 620 போனால் மீதி 610. உங்கள் குதிரைகள் 630! தண்ணீர் கேனும் புல்லுக்கட்டும் இன்னும் ஏற்றவே இல்லை. அதே இடத்தில் 100 என்று போட்ட டயர் இருந்தால் ஒன்றுக்கு 800 கிலோ, அப்போது ஆக்சில்தான் எல்லை. ஆக்சில், டயர், அதிர்வைத் தாங்கும் கமான் பட்டை, இழுக்கும் கொண்டி இவற்றில் எது குறைவாகத் தாங்குமோ, அதுதான் உங்கள் டிரெய்லர் தாங்கும் பாரம். இழுக்கும் வண்டிக்கும் அதன் கம்பெனி ஒரு எல்லை வைத்திருக்கும். அதையும் புத்தகத்தில் பாருங்கள்.

அதனால் தகட்டைத் தடிமனாகப் போடச் சொல்லும்போது யோசிக்க வேண்டும். டிரெய்லரில் கூடும் ஒவ்வொரு கிலோவும் குதிரைக்கு உள்ள கணக்கிலிருந்துதான் போகிறது. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு எம்.எம். தடிமனுக்கு 7.85 கிலோ. அலுமினியம் 2.7 கிலோ. 6 அடிக்கு 9 அடி தரைக்கு 3 எம்.எம். இரும்பு போட்டால் சுமார் 118 கிலோ. அலுமினியம் மூன்றில் ஒரு பங்குதானே என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அதே தடிமனில் அலுமினியம் மூன்று மடங்கு வளையும். குதிரை ஒரு பக்கம் சாய்ந்து காலை ஊன்றும் தரைக்கு 5 எம்.எம். போட்டு, அடியில் குறுக்குச் சட்டங்களையும் நெருக்கி வைக்க வேண்டும். அப்போது தகடு மட்டும் 68 கிலோ. ஐம்பது கிலோ மிச்சம்தான், ஆனால் விலை கூடும்.

நம் கடற்கரை ஊர்களில் எடையை விடப் பெரிய விஷயம் உப்புக் காற்று. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தில் துருவின் காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் கடல் காற்றைத் தாங்கும் தனிப் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ வாசலில் நிற்கும் டிரெய்லருக்கும் அதே காற்றுதான்.

ஜி.ஐ., அதாவது துத்தநாக முலாம் பூசிய இரும்பு, என்று சொன்னதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கடையில் 120 கிராம் (சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து உள்ள துத்தநாகம்) என்று விற்கும் ஜி.ஐ. தகட்டில் ஒரு பக்கத்துக்குத் துத்தநாகம் எட்டு மைக்ரான் சொச்சம்தான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு எம்.எம். சட்டத்தை முழுதாகச் செய்து முடித்து, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் 70 மைக்ரான் வரை ஏறும், பைப்பின் உள்பக்கமும் நனையும். முக்கி எடுத்த பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் முலாம் எரிந்துவிடும். ஆகவே எல்லா ஓட்டையும் எல்லா வெல்டிங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அப்படி முக்கி எடுக்காத சட்டம் என்றால் அடியில் நாலு பக்கமும் மூடிய பாக்ஸ் பைப் வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். ஒரு பக்கம் திறந்த சி சேனல் போட்டால் கண்ணால் பார்க்கலாம், தண்ணீர் அடித்துக் கழுவலாம்.

போன வருடம் ஒருவர் வேறு ஊரில் வாங்கிய டிரெய்லரைக் கொண்டுவந்தார். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. ரப்பர் மேட்டைத் தூக்கினோம். மூத்திர வாடை மூக்கில் ஏறியது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், அப்பளம் போல உடைந்து தரைக்குள் போனது. குதிரையின் பின்கால் நிற்கிற இடம் அது. ஓடும்போது குளம்பு உள்ளே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

குதிரைக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று அரசு விதியும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள்படி குதிரைக்குத் தலா 2.25 சதுர மீட்டர், மாட்டுக்கு 2 சதுர மீட்டர், நடுவில் தடுப்பு. மேலே சொன்ன 6 அடிக்கு 9 அடி, இரண்டு குதிரைக்குச் சரியாக வரும். மூன்றாவதை நெருக்கி ஏற்றக் கூடாது. அப்புறம், ஏற்றிய டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொண்டியில் அமர வேண்டும். பாரம் பின்னால் போனால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். ஒற்றைக் குதிரை ஏற்றும்போது அதை எங்கே நிறுத்துவது என்று செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அலுமினியத் தரையை இரும்புச் சட்டத்தின் மேல் நேரடியாக வைத்து போல்ட் போட்டுக் கொடுத்தோம். இரண்டு உலோகம் ஒட்டி நிற்க, நடுவில் உப்பு ஈரம் புகுந்தால், அலுமினியம்தான் முதலில் கரையும். ஒரு டிரெய்லர் திரும்பி வந்தபோது போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது, விரல் நுழையும் ஓட்டை. இப்போது நடுவில் ரப்பர் பட்டையும் போல்ட்டுக்கு நைலான் வாஷரும் இல்லாமல் எதுவும் வெளியே போவதில்லை.

அப்படிக் கொடுத்தவை மொத்தம் மூன்று. இரண்டைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டோம். மூன்றாவது கைமாறிப் போனதாகச் சொன்னார்கள், யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. உங்களிடம் உள்ள டிரெய்லரில் அலுமினியத் தரை, இரும்புச் சட்டம், போல்ட் தலைக்கு அடியில் வாஷர் இல்லை என்றால் அது எங்களுடையதாக இருக்கலாம். ஐப்பசி மழைக்கு முன் கொண்டுவாருங்கள். கூலியும் பொருளும் எங்கள் பொறுப்பு. அதுவரை அதில் குதிரை ஏற்ற வேண்டாம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து