104ஆம் சங்கீதத்தை இசையாக்க உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

வேதாகமத்தில் (பைபிளில்) உள்ள 104ஆம் சங்கீதத்தை வைத்து நாங்கள் செய்த வாத்திய இசைத் தொகுப்பு போன வாரம் வெளியாகிவிட்டது. பாட்டு இல்லாமல் வேதத்தை எப்படி இசையாக்குவீர்கள் என்று ஆரம்பத்தில் பலர் கேட்டார்கள். அந்தச் சங்கீதத்தின் 35 வசனங்களையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நீரூற்று, கிளையில் பாடும் பறவை, இடி, இரை தேடும் சிங்கக்குட்டி, காலையில் வேலைக்குக் கிளம்பும் மனிதன் என்று ஏதாவது ஒன்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தங்களைத் தேடித்தான் வால்பாறைக்குப் போனோம்.

முதல் நன்றி எங்கள் ஓட்டுநர் அண்ணனுக்கு. ஆழியாரிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு மனப்பாடம். உயர்ந்த மலைகள் வரையாடுகளுக்கு அடைக்கலம் என்கிறது 18ஆம் வசனம். ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் அவைகளைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். பின்னால் வந்த வண்டிக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, ஹாரன் அடிக்காமல் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். குட்டியோடு ஒரு வரையாடு பாறையில் இறங்க, சிறு கற்கள் சரிந்தன. மிருதங்கம் தொடங்குவதற்கு முன் நீங்கள் கேட்பது அந்தச் சத்தம்தான். பொறுத்திருந்த அந்த முகம் தெரியாத பயணிகளுக்கும் நன்றி.

சின்னக்கல்லார் பக்கம் மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்த எஸ்டேட் லயன் (தொழிலாளர் குடியிருப்பு) வீட்டு அம்மாவை மறக்க முடியாது. நாங்கள் கேட்காமலே டிவியை அணைத்தார், பிள்ளைகளையும் அமைதியாக உட்காரவைத்தார். அவர் வீட்டுத் தகரக் கூரையில் விழுந்த மழையைத்தான் செல்லோவுக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

அப்புறம், புல்லாங்குழல் வாசித்த தம்பி. விடியற்காலையில் ஓடையோரம் சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும். மனிதர் யாரோ வாசிக்கிறார்கள் என்றே தோன்றும். அவர் முதலில் மோகனத்தில் பதில் சொல்லிப் பார்த்தார். குருவி எந்த ராகத்துக்கும் கட்டுப்படவில்லை. சரி என்று ராகத்தை விட்டுவிட்டு, அது நிறுத்தும் இடத்தில் மட்டும் ஒரு நீண்ட சுரம் பிடித்தார். தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

மிக்ஸிங் செய்த நண்பருக்குத் தனி நன்றி. ஓடும் தண்ணீரும் மைக்கின் இரைச்சலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். இரைச்சலை மொத்தமாக நீக்கினால் ஓடையும் சேர்ந்து போய்விடும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அவர் நின்றது நல்லதாயிற்று.

ஒத்திகைக்கு ஆலயத்தைத் திறந்துவிட்ட ஆயர் ஐயாவுக்கும், தேநீர் தந்துகொண்டே இருந்த சபை மக்களுக்கும் எங்கள் அன்பு. அடுத்த மாதம் அதே ஆலயத்தில் முழுத் தொகுப்பையும் நேரில் வாசிக்கிறோம். மேலே சொன்ன எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். ஓட்டுநர் அண்ணனே உங்களையெல்லாம் அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
இசைக்குழுவினர் சார்பில்