மிளகாய் போயிற்று, செண்டுமல்லி நின்றது

தஞ்சாவூர்
புதன் இரவு

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. திட்டாதே. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டாயா, இல்லை இன்னும் அந்தத் தைலத்தையே நம்பிக்கொண்டிருக்கிறாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு மதுரைக்கு மாற்றல் வந்துவிட்டது.  

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் டிவிக்குப் போனேன். சிரிக்காதே, முகம் காட்ட இல்லை. ராஜராஜ சோழனை வைத்து ஒரு தொடர் எடுக்கிறார்கள், அதற்கு வரலாற்று ஆலோசகர். டைரக்டர் என்னிடம் பத்தாவது படித்த பையன். "தப்பு இருந்தா கூசாமச் சொல்லுங்க சார்" என்றான். கூசாமல் சொன்னேன். அதுதான் வினை.

முதல் நாள் அரண்மனை மடைப்பள்ளி செட். மூன்று முறத்தில் காய்ந்த மிளகாய் செக்கச்செவேல் என்று குவித்து வைத்திருந்தார்கள். "தம்பி, ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியது 1498இல். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது. அதுவரைக்கும் மிளகுதான் நமக்குக் காரம். மிளகாய் என்கிற பெயரே மிளகைப் பார்த்து வைத்ததுதானே" என்றேன். கேமராமேன் முகம் தொங்கிவிட்டது. "மிளகு கறுப்பா இருக்கும் சார், ஃப்ரேம்ல தெரியவே தெரியாது."

ஒருவழியாக மிளகாய் போயிற்று. அப்பாடா என்று திரும்பினால் தூணுக்குத் தூண் செண்டுமல்லிச் சரம். அதுவும் மெக்சிகோப் பக்கத்துப் பூதான். அதைச் சொல்ல வாயைத் திறந்ததுமே புரொடக்‌ஷன் மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். ஐம்பது கிலோ இறக்கியாகிவிட்டதாம். மத்தியானம் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள், நெய் சொட்டச் சொட்ட, முந்திரி மிதக்க. முந்திரியும் அந்தப் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்ததுதான் என்று நாக்கு நுனி வரை வந்தது. பசி. சாப்பிட்டுவிட்டேன்.

இன்னொன்று, உன்னோடு இருக்கட்டும். பெரிய கோயில் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் வெளியே வந்ததே சோழர் ஓவியம், அதில் ஆடுகிற பெண்களுக்கு ரவிக்கை ஏது? இங்கே செட்டில் தண்ணீர் தூக்குகிறவள் வரைக்கும் ஜிகினா ரவிக்கை. எட்டரை மணிக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிற தொடர். மிளகாய்க்கு அந்தக் குதி குதித்தவன், இதற்குக் கையிலிருந்த பேப்பரைப் புரட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.

இதெல்லாம் சில்லறை. தூக்கத்தைக் கெடுத்தது வேறு.

கோயிலுக்கு வந்த கொடைகளையெல்லாம் கல்லில் வெட்டச் சொல்லி ராஜா ஆணையிடுகிற காட்சி. சிங்காசனத்திலிருந்து எழுந்து, கையை நீட்டி, "யாம் ஈந்தனவும் எம் தமக்கையார் ஈந்தனவும் கல்லில் பொறிக்கப்படட்டும்!" என்கிறார். கொம்பு ஊதுகிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் அந்த ஆணை நம்மிடம் இருக்கிறது, சீனு. ஊர் ஊராகப் பிள்ளைகளை இழுத்துப் போனோமே, அந்தப் பெரிய கோயில் விமானத்தின் அடிச்சுவரிலேயே இருக்கிறது. 26ஆம் ஆட்சியாண்டு, 20ஆம் நாள். ராஜா இருந்த இடம் சிங்காசனம்கூட இல்லை, அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலை. "குளிக்கிற இடமா சார்?" என்று ஓர் உதவி டைரக்டர் பதறினான்.

இடம் கிடக்கட்டும், பேச்சைப் பார். தான் கட்டிய கோயிலை "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்கிறான். அப்புறம், "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்". குடுத்தன! கொடுத்தன இல்லை. எடுப்பிச்ச! என் பாட்டி "நான் கட்டிவிச்ச வீடு" என்று திண்ணையைத் தட்டிக் காட்டுவாளே, அதே வாய். குந்தவை அவனுக்குத் தமக்கையார் இல்லை, அக்கன். ஆயிரம் வருஷம் தாண்டி ஒரு மனுஷன் பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை அப்படியே வைக்கச் சொன்னேன், கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்.

வசனகர்த்தா நல்ல பிள்ளைதான். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப லோக்கலா இருக்கு சார். ஒரிஜினல் மாதிரி இல்லை."

இதுதானப்பா ஒரிஜினல் என்று கத்தினேன். நமக்குப் பழந்தமிழ் என்றால் மேடை நாடகத் தமிழ்தான். ராஜா என்றால் அடித்தொண்டையில் பேச வேண்டும், "யாம்" போட வேண்டும். செண்டுமல்லியைவிட இது பெரிய பொய் இல்லையா? பூவை நாளைக்கே மாற்றிவிடலாம். இந்தக் குரல் ஒரு தடவை காதில் உட்கார்ந்துவிட்டால், கல்லில் இருக்கிற உண்மையான குரல்தான் தப்பாகக் கேட்கும்.

டைரக்டரைப் பார்த்தேன், நீயாவது சொல் என்று. அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அரைப் பரீட்சையில 'தானம் குடுத்தான்'னு எழுதினேன்னு நீங்கதான் சார் என்னை நூறு தடவை 'கொடுத்தான்'னு எழுத வெச்சீங்க" என்றான்.

சரித்திரப் பேப்பரில் எதற்கடா தமிழைத் திருத்துகிறாய் என்று நீ ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வாயே, அந்தச் சிவப்பு மை. ஊருக்கு வருகிற பஸ்ஸில் எனக்குப் பேச்சே வரவில்லை, பேச யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

காட்சியை அவர்கள் எழுதினபடியேதான் எடுத்தார்கள். மூன்றாவது டேக்கில் மட்டும் ராஜாவுக்கு வாய் குழறி, "எம் தமக்கையார்" வர வேண்டிய இடத்தில் "எம் அக்கன்" என்று வந்துவிட்டது. ஒத்திகையில் நான் படித்துக் காட்டியது காதில் ஒட்டியிருந்ததோ என்னவோ. யாரும் கவனிக்கவில்லை, ஓகே ஆகிவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை.

மாசியில் ஒளிபரப்பாம். செண்டுமல்லியைப் பார்த்து என்னைத் திட்டாதே. அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டு எழுது.

உன்,
சேது