டிரம்ஸ்காரனின் சித்தி எழுதுவது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபக் குழுவுக்குத் திறந்த மடல்

குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

என் அக்கா மகனும் அவன் நண்பர்கள் மூவரும் பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக் இசையில் தங்கள் முதல் இசைத்தட்டை வெளியிட, ஒரு சனிக்கிழமை மாலைக்கு மண்டபத்தைக் கேட்டார்கள். 'நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத இரைச்சல்' என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டீர்கள். அதுவும் ஆங்கிலத்தில். அதனால்தான் நான் தமிழில் எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் குழுவில் இரண்டு பேராவது இருப்பீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

இரைச்சல்தான், மறுக்கவில்லை. முதல் பாட்டுக்கு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்றாவது பாட்டில் அடியில் ஒரு முனகல் ஓடுகிறது. கிட்டார் என்று நினைத்தேன். இல்லை, உருமி. காவடிக்கு வாசிக்கும் அதே உருமி. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து, அந்த முனகலை ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டு நீட்டியிருக்கிறான். கராஜில்தான் பதிவு. எதிரொலி வராமலிருக்க அக்காவின் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டிருந்தான். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தைப்பூசத்தன்று இதே ஒலிக்கு அருள் வந்து ஆடுகிறவர்களை நீங்கள்தானே தாங்கிப் பிடிக்கிறீர்கள்? அன்றைக்கு மட்டும் அது எப்படிப் பண்பாடு ஆகிறது?

பங்க் என்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கூத்து என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். ஜோகன்னஸ்பர்கில் 1979-இல் நேஷனல் வேக் என்று ஒரு இசைக்குழு கிளம்பியது. கேரி கோசா, பங்க்கா கோசா என்ற கறுப்பினச் சகோதரர்களும் ஐவன் கேடி என்ற வெள்ளையரும் ஒன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற குழுப் பகுதிகள் சட்டம் இருந்த நாள் அது. அவர்கள் ஒரே வீட்டில் குடியிருந்ததே குற்றம். 1981-இல் பங்க்கும் ரெகேயும் ஃபங்க்கும் கலந்து முதல் இசைத்தட்டு வந்தது. விற்றது சுமார் 700 பிரதிதான். போலீஸ் தொல்லைக்கு நடுவே சீக்கிரமே குழுவும் கலைந்துபோனது. 2013-இல் அமெரிக்காவில் அந்தப் பாட்டுகளை மறுபடி வெளியிட்டபோதுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் காதிலேயே விழுந்தது.

அதே சட்டம்தான் நம்மையும் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டது. என் ஆயா, டர்பனில் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் இருந்தவள். ராத்திரிக் கூத்து நடக்கும்போது விளக்கை அணைக்கச் சொல்லி ஆள் வருவானாம். அணைத்துவிட்டு இருட்டிலேயே ஆடுவார்களாம். இதைப் பையனிடம் சொன்னது நான்தான். நாலாவது பாட்டு அதைப் பற்றியது, பாதி தமிழில். உச்சரிப்பு மோசம், 'ழ' வாயில் வரவில்லை. ஆனால் தமிழ் வகுப்பில் தூங்கியவன் ஒரு வரிக்காக மூன்று வாரம் என்னிடம் வந்து உட்கார்ந்தான். அந்த அதிசயத்தை உங்கள் வகுப்பு செய்யவில்லை.

எல்லாம் அருமை என்று சொல்லமாட்டேன். கடைசிப் பாட்டு 11 நிமிடம், எனக்கே தலைவலி. அதில் ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு. அதை அங்கே பாடமாட்டார்கள், பேசிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாலை 6 முதல் 8 வரை போதும். அன்றைக்கு மண்டபத்தில் கல்யாணம் ஏதும் இல்லை, பலகையில் பார்த்துவிட்டேன். மது இருக்காது, ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய பன்னி சௌதான். முன்பணம் தயாராக இருக்கிறது. முடிந்ததும் நாற்காலிகளை நானே அடுக்கிவிட்டுச் சாவியைத் தருகிறேன். உங்கள் பதில் வியாழனுக்குள் வந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை ஸ்பீக்கர் வாடகைக்குப் பணம் கட்ட வேண்டும்.