கடைசிப் பாதை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சாள்,

உன் கடிதம் கிடைச்சுது. பேரன் தத்தித் தத்தி நடக்கிறானாம், சந்தோசம். இங்க ரெண்டு கிழமையா அடைமழை. முகத்துவாரம் இன்னும் வெட்டல்ல, வாவி முட்டி நிக்கிது.

“இன்னுமா மெத்ஸ் வகுப்பு?” எண்டு கேட்டிருந்தாய். ஓம்கா, விடல்ல. இந்த முறை 18 பேர், அதில 4 பேர் பொம்புளப் புள்ளைகள். நம்மட காலத்தில நீயும் நானும் ரெண்டே பேர், ஒரே வாங்கு. “பொம்புளைகளுக்கு பயோதான் நல்லம்” எண்டு ரியூசன் சேர் சொன்னதுக்கு நாமளும் சேர்ந்து சிரிச்சம். அவர் சொன்னதை விட, ஏன் சிரிச்சம் எண்டுதான் இப்ப எனக்குக் கோபம்.

ஆனா மச்சாள், நானும் பெரிய திறமில்ல. வாவிக்கு அங்கால, படுவான்கரையில இருந்து ஒரு புள்ள வருது. வகுப்பு முடிய அரை மணித்தியாலம் இருக்க எழும்பிப் போயிரும். அக்கறை இல்லாத புள்ள எண்டு நானே முடிவு கட்டிட்டன். பிறகுதான் தெரியும், குருக்கள்மடத்துறையில வாவியைக் கடக்கிற கடைசிப் பாதையை, அதான் அந்த மிதவைப் படகைப் பிடிச்சு அம்பிளாந்துறைக்குப் போகவேணுமாம். கஷ்டமான கணக்கெல்லாம் கடைசி அரை மணித்தியாலத்துக்கு வைக்கிறது என்ட இருபது வருசப் பழக்கம். அவள் ஒருநாளும் அந்தக் கணக்கைக் கண்டதே இல்ல! இப்ப தலைகீழா மாத்திட்டன். வந்து குந்தினவுடன கஷ்டமானது, பிறகு மீட்டல். பெடியன்கள் முணுமுணுக்கிறானுகள். முணுமுணுக்கட்டும்.

போன மாதம் சந்தையில தோடம்பழம் குவிச்சு வைச்சிருந்த மாதிரியைப் பார்த்திட்டு, ஒரு கிலோ வாங்கி வகுப்பு மேசையில அடுக்கிக் காட்டினன். இதை விட நெருக்கமா அடுக்க ஏலாது எண்டு கெப்ளர் எண்ட வானியலாளர் 1611இல சொன்னார். ஹேல்ஸ் எண்ட கணிதக்காரர் அது சரியெண்டு நிறுவினது 1998இல. எட்டுப் பரிமாணத்தில இதே கேள்விக்கு 2016இல விடை கண்டவ மரீனா வியாசோவ்ஸ்கா, உக்ரைனில, கீவில பிறந்தவ. “எட்டுப் பரிமாணத் தோடம்பழத்தை எப்பிடி டீச்சர் உரிக்கிற?” எண்டான் ஒருவன். பாதைப் புள்ள மட்டும், “அவட ஊரில இப்ப சண்டை எலுவா டீச்சர்?” எண்டு கேட்டாள். 2022இல அவவுக்குக் கணிதத்தில பெரிய விருதான பீல்ட்ஸ் பதக்கம் குடுத்த நேரம் அங்க குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. நம்மட ஊர்ப் புள்ளைக்கு அதுதான் முதல்ல மனசில படும்.

1936 தொடங்கி 2022 வரை அந்தப் பதக்கம் எடுத்த 64 பேரில பெண்கள் ரெண்டு பேர். முதலாவது ஈரானில பிறந்த மரியம் மிர்சாகானி, அதுவும் 2014இலதான். நம்மட வாங்கிலயும் ரெண்டு பேர், அங்கயும் ரெண்டு பேர்!

இன்னொண்டு, பாசை. ஏ.எல் வரைக்கும் எல்லை, சார்பு, தொகையீடு எண்டு எல்லாம் தமிழில. கெம்பஸ் போன முதல் நாளே எல்லாம் இங்கிலீசு. ‘லிமிற்’ எண்டு கேட்டாங்க. அது நம்மட எல்லைதான் எண்டு விளங்கிறதுக்குள்ள மணி அடிச்சிட்டுது. விடை தெரிஞ்சும் கை உயர்த்தாமப் போன அந்த வருசத்தை நான் மறக்கல்ல. இப்ப பலகையின்ட வலது மூலையில ரெண்டு பாசையிலயும் சொல்லை எழுதி வைக்கிறன், அழிக்க விடுறதில்ல.

வைகாசியில வருவன் எண்டாய். மே 12ஆம் திகதிக்கு முந்தி வா. மிர்சாகானி பிறந்த நாள் அது, கணிதத்தில பெண்களுக்கான நாளா உலகத்தில கொண்டாடுறாங்க. ஒரு வகுப்பு நீ எடு. கெம்பஸில மெத்ஸ் படிச்ச பொம்புள எண்டு என்னை மட்டும்தான் இதுகள் கண்டிருக்கு. ஒராள் எண்டா, அது ஏதோ விதிவிலக்கு எண்டு நினைச்சிருங்கள்.

தோடம்பழம் நீ வாங்கு. போன முறை வாங்கினதை வகுப்பு முடிய முதலே திண்டு முடிச்சிட்டானுகள்.

உன்ட பழைய வாங்குக்காரி